1600 மடங்கு நுணுக்குக்காட்டியும் ஒரு வௌவால் ஈயும்

பெட்டியில் கொட்டை எழுத்தில் 1600 மடங்கு என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்காதீர்கள். வேறு காரணத்துக்காக வாங்கலாம்.

நான் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு பூச்சியை வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் திரையில் பார்க்கவேண்டும் என்றுதான், மத்திய வீதிப் பக்கம் ஒரு ஃபோன் கடையில் இந்த யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டியை எடுத்தேன். 5000 ரூபாய்க்கு உள்ளே. பெயர்போன கம்பனி எதுவும் இல்லை. ஒரே சாமான் பல நிறப் பெட்டிகளில் வருகிறது. பெருவிரலைவிடக் கொஞ்சம் தடித்த குழாய், நுனியில் வளையமாக 8 எல்.ஈ.டி. விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வயரில் ஒரு சின்னச் சில்லு, ஒரு தாங்கி. ஃபோனில் செருகும் முனை பெட்டியின் படத்தில் இருந்தது, உள்ளே இல்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “சேர், பெட்டி வேற, சாமான் வேற” என்றார் கடைக்காரர். முனையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன்.

குழாயில் இருக்கும் பெரிய சில்லைத் திருப்பிக்கொண்டே போனால் படம் இரண்டே இடத்தில்தான் தெளியும். ஒன்று, சாமானுக்கும் பூச்சிக்கும் நடுவே விரல் இடைவெளி இருக்கும்போது. மற்றது, நுனி கிட்டத்தட்ட முட்டும்போது. அதற்கு மேல் செயலி படத்தை இழுத்துப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். வெங்காய உரியில் கலம் தெரியும் என்றும் சொன்னார்கள். கீழிருந்து வெளிச்சம் வராத கருவியில் மங்கல் கோடுகள்தான் தெரிகின்றன.

இதற்கு ஏற்ற அளவு 2 முதல் 5 மில்லிமீற்றர். அந்த அளவில் நான் பார்த்ததில் ஆகத் திறமானது வௌவால் ஈ, அதாவது வௌவாலின் உரோமத்தில் இருந்து இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி.

உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் மின்கம்பியில் அடிபட்டு ஒரு பெரிய பழந்தின்னி வௌவால் விழுந்து கிடந்தது. உடல் சூடு குறையக் குறைய ஒட்டுண்ணிகள் உரோமத்துக்கு மேலே வந்துவிடும். கையுறை போட்டு, நீண்ட இடுக்கியால் சிலவற்றைப் பிடித்து சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டேன். பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. செத்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது.

திரையில் வந்ததும் எல்லோரும் “சிலந்தி” என்றார்கள். கால்களை எண்ணச் சொன்னேன். ஆறு. நிக்டெரிபிடே குடும்பத்து ஈ இது. ஆபிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்குச் சொந்தம், ஆனால் இறகு இல்லை. பறக்கும் ஈக்கள் சமநிலைக்கு வைத்திருக்கும் குமிழ் உறுப்பு மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. கால்கள் முதுகுப் பக்கமாக முளைத்திருப்பதால், நிமிர்த்தி வைத்திருக்கிறேனா கவிழ்த்து வைத்திருக்கிறேனா என்று எனக்கே குழப்பம். தலை பின்னால் மடிந்து முதுகில் கிடக்கிறது. இரத்தம் குடிக்கும்போதுதான் முன்னால் வரும். நகங்கள் பிரமாதமாகத் தெரிந்தன. உரோமத்தில் மாட்டிக்கொள்ள உதவும் சீப்பு போன்ற முள்வரிசையும், வெளிச்சத்தைக் குறைத்தபோது தெரிந்தது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

ஒரு தொல்லை, ஸ்பிரிட்டில் நனைந்த உடலில் அந்த 8 விளக்கும் 8 வெள்ளைப் பொட்டாக மின்னும். நுனியைச் சுற்றி ட்ரேசிங் தாளை வெட்டி ஒட்டுங்கள். பூச்சியை ஆழம் குறைந்த தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள். பொட்டுகள் போய்விடும்.

எங்கள் ஈ சைக்ளோபோடியா பேரினம் என்பதுவரைதான் நான் சொல்வேன். இனம் பிரிக்க வேண்டுமென்றால் ஆய்வுகூட நுணுக்குக்காட்டி வேண்டும். எனக்கு இது உறைத்தது மருமகளின் படங்களைப் பார்த்தபோது. அவள் சிசிலியில், பலெர்மோவில் படிக்கிறாள். அங்கே நம்மவர்கள் நிறைய. பெலெக்ரினோ மலைக் குகையில் உள்ள சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோயிலுக்குச் சைவக்காரரும் ஏறிப் போவார்கள். அவள் போவது வேறு குகைகளுக்கு.

அங்கே ஷ்ரைபரின் வளைசிறகு வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும். அவற்றில் நிக்டெரிபியா ஷ்மிட்லி என்ற சின்ன ஈயும், பெனிசிலிடியா கொன்ஸ்பிகுவா என்ற பெரியதும் இருக்கும். குதிரைலாட வௌவாலுக்கு வேறு ஈ. பெண் ஈ முட்டையிடுவதில்லை. குடம்பியை வயிற்றுக்குள்ளேயே ஒருவகைப் பாலூட்டி வளர்த்து, முற்றியதும் வௌவாலை விட்டு இறங்கி குகைச் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பி ஏறும். வெளியே கிடந்தால் சீக்கிரம் செத்துப்போகும் பூச்சி இப்படி இறங்குவதே துணிச்சல்தான். சுவரில் கறுப்பாகத் தட்டையாக ஒட்டியிருந்த கூடுகளை அவள் இதே மாதிரி ஒரு யூ.எஸ்.பி. கருவியால்தான் படம் எடுத்தாள். “மாமா, குகை ஈரத்தில லென்ஸ் புகார் பிடிக்குது, துடைச்சுத் துடைச்சு எடுத்தனான்” என்று எழுதியிருந்தாள். வெளிவேலைக்கு எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

சைப்பிரசில் எகிப்தியப் பழந்தின்னி வௌவாலில் வாழும் யூகாம்ப்சிபோடா ஈஜிப்டியா எங்கள் உவர்மலை ஈயின் அதே துணைக்குடும்பம். சிசிலிக் குகை ஈக்களைவிட அதுதான் எங்களுடையதுக்குக் கிட்டிய உறவு. இறகில்லாத ஈ கடல் கடந்து தீவுக்கு வர வௌவாலின் உரோமம்தான் கப்பல். வகுப்பில் அரை மணித்தியாலம் இதிலேயே போனது, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

இந்தச் சாமான் தோற்ற இடம் ஒன்று. வௌவால் ஈயின் உடலில் ஆர்த்ரோரிங்கஸ் என்ற நுண்ணிய பங்கசு வளரும். 1857 இல் கொலெனாட்டி பெயர் வைத்தது. ஒட்டுண்ணியின் மேல் இன்னொரு ஒட்டுண்ணி. மருமகளின் ஆய்வுகூடப் படத்தில் அது அழகாகத் தெரிகிறது. என் திரையில் எது பங்கசு, எது ஈயின் மயிர் என்று பிரிக்கவே முடியவில்லை.

தாங்கியின் இரும்பு ஆணிகள் எங்கள் கடற்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டன. அடியில் உள்ள இறப்பர் வழுக்குகிறது; ஒரு மரத்துண்டில் பூட்டி வைத்திருக்கிறேன்.

கலம், பற்றீரியா பார்க்க நினைப்பவர்கள் காசைச் சேர்த்து வேறு எடுங்கள். பூச்சி, விதை, இலைப் பேன், காசு, நகை பார்க்க இது தாராளமாகப் போதும். 5க்கு மூன்றரை கொடுப்பேன். கடையிலேயே பெட்டியை உடைத்து உங்கள் ஃபோனில் செருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஐபோன்காரர் பொதுவாக வைஃபை வகையைத்தான் தேடவேண்டும்.