வடக்கா, தெற்கா? தாழ்ந்த கார்களோடு திருகோணமலைக் கரையோரம்

எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் குழுவின் ஒருநாள் கரையோர ஓட்டத்துக்கு ரோட்டைத் தெரிவு செய்யும் வேலை, ஊர்க்காரன் என்பதால் என்னிடம் வந்தது. ஏழு கார்கள். மூன்று மஸ்டா எம்.எக்ஸ்.5, இரண்டு ஹொண்டா எஸ்660, ஒரு டைஹட்சு கோப்பன், ஒரு பழைய டொயோட்டா எம்.ஆர்.எஸ். எல்லாமே இரண்டு இருக்கை, எல்லாமே நிலத்தோடு ஒட்டினாற் போலப் போகிறவை.

திருகோணமலையிலிருந்து கரையோரம் போக இரண்டு வழிதான். வடக்கே உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி கடந்து புல்மோட்டை. ஒரு பக்கம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தெற்கே ஏ15 வீதியில் கிண்ணியா, மூதூர், வெருகல் கடந்து வாகரை. இது அதைவிட நீளம். பெப்ரவரியில் தெற்கை ஓடிப் பார்த்தேன், அப்புறம் வடக்கை. ஜூலையில் குழுவை வடக்கே கூட்டிப் போனேன்.

தார் இரண்டு பக்கமும் நல்ல தார்தான். வேக எல்லையும் ஒன்றுதான்: ஊருக்குள் 50, வெளியே 70. 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போனாலும் டவுனிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். இவற்றை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

முடிவைத் தீர்மானித்தது காரின் அடிவயிறு. எஸ்660இன் அடிக்கும் நிலத்துக்கும் இடையே 125 மில்லிமீட்டர்தான். ஒரு சாண்கூட இல்லை. இந்தக் கார்களால் தாரை விட்டு இறங்க முடியாது. அதனால் ‘எந்தப் பக்கக் கடல் அழகு’ என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பக்கம் தாரில் இருந்தபடியே கடல் தெரிகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

தெற்கு இந்தக் கேள்வியில்தான் தோற்றது. வரைபடத்தில் கரையோர வீதி போலத் தெரியும். கிண்ணியாப் பாலம்வரை அது உண்மையும்கூட. 2009இல் திறந்த பாலம், 396 மீட்டர். அதற்கு முன் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றித்தான் வாகனங்களை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். காலை ஏழு மணிக்குக் கூரையைத் திறந்துகொண்டு அந்தப் பாலத்தில் போவது தனி இன்பம், மறுக்க மாட்டேன். ஆனால் மூதூரைத் தாண்டினால் ரோட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. கிளிவெட்டி, சேருநுவர, வெருகல் என்று வயலும் வாய்க்காலும்தான். பச்சைப்பசேலென்ற அழகு, ஆனால் கடல் இல்லை. கடலைப் பார்க்கத் தார் போடாத கிறவல் ரோட்டில் திரும்ப வேண்டும். நான் ஒன்றில் திரும்பினேன். 200 மீட்டர் போவதற்குள், லொறிச் சில்லுகள் இருபுறமும் பள்ளமாக்கி நடுவில் விட்டிருந்த மேடு என் எம்.எக்ஸ்.5இன் அடியை உரசியது. அப்படியே பின்னால் எடுத்து வந்தேன். முன் பம்பரின் கீழ் விளிம்பில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

அது அறுவடைக் காலமும்கூட. கிளிவெட்டிப் பக்கம் ரோட்டின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். “தம்பி, கொஞ்சம் மெல்ல எடுங்கோ” என்று கை காட்டிய ஐயாவுக்கு நியாயம் இருக்கிறது. ஏழு கார்கள் வரிசையாகப் போனால் நெல்லையும் கெடுப்போம்.

வடக்கில் இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியதுமே களப்பும் (கடலோர உப்பேரி) கடலும் சேருகிற இடம் கண்ணில் படும். அங்கிருந்து குச்சவெளிவரை சில இடங்களில் தார் முடிகிற விளிம்பிலேயே மணல் தொடங்குகிறது. இன்னொன்று: வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், ஓட்டுபவர் இருக்கும் பக்கம். திரும்பும்போது அது பக்கத்தில் இருப்பவரின் பக்கம். மாலையில் வெயில் மேற்கிலிருந்து விழ, தண்ணீர் நீலமும் பச்சையுமாகப் பிரிந்து தெரியும். ஆகவே காலையில் நிறுத்தாமல் போய், திரும்பும்போது ஆறுதலாக வாருங்கள்.

குச்சவெளிக்கு அப்பால் வடக்கும் கொஞ்சம் ஏமாற்றும். கடல் விலகிப் பற்றைக்காடு வரும், மாடுகள் ரோட்டில் நிற்கும். புல்மோட்டை, கடற்கரை மணலிலிருந்து இல்மனைற் என்ற கரிய தாதை எடுக்கிற ஊர். அந்த மணலில் கருமை ஓடுவதைப் பார்க்கவே போகலாம். அரிசிமலைக் கடற்கரையில் மணல் உண்மையிலேயே அரிசி போலத்தான் இருக்கும், ஆனால் கார்களை அங்கே கொண்டுபோகவில்லை. புல்மோட்டை டவுனில் நிழலில் விட்டுவிட்டு ஓட்டோவில் போனோம்.

சாப்பாட்டில் தெற்குக்கே என் வோட்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிருக்கு ஈடாக வடக்கில் எதையும் நான் காணவில்லை. நிலாவெளி தாண்டினால் குழுவாக இருந்து சாப்பிட இடம் தேட வேண்டியிருக்கும்.

பராமரிப்பிலும் வடக்குக்கு ஒரு விலை உண்டு. கடல் கிட்ட என்றால் உப்பும் கிட்ட. காற்று வாரிப் போட்ட மணல் சில வளைவுகளில் தார்மேல் படிந்திருக்கும், அங்கே பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவ வேண்டும். எம்.எக்ஸ்.5 வைத்திருப்பவர்கள், இருக்கைகளுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வடிகிற துளைகளையும் பாருங்கள். மணல் அடைத்துக்கொண்டால் அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவடித் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஜூலை ஓட்டத்துக்குப் பிறகு என் காரில் ஒரு பக்கம் பாதி அடைத்திருந்தது.

தெற்கைத் தாழ்ந்த காரில் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருக்கிறேன், அதுவும் வாகரைவரைதான். அதற்கு அப்பால் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் களப்பும் கடலும் கிட்ட வருகிற துண்டை வேனில் போய்த்தான் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம். அங்கே எஸ்660 போல ஒன்றைத் தார் விட்டு இறக்காமல் நிறுத்த இடம் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொன்னால், மாரி தொடங்குமுன் ஒரு நாள் வந்து பார்த்துவிடுவேன்.