ப்ரீலோடா, டேம்பிங்கா, ஸ்ப்ரிங்கையே மாத்தறதா? பைக் சஸ்பென்ஷன்ல எதுக்கு எது சரி

வளைவுல வண்டி லைன் விட்டு வெளிய போகுது, பள்ளத்துல இறங்குனா முதுகுத்தண்டுல இடிக்குது, பிரேக் புடிச்சா முன்னாடி அப்படியே மூக்கு குத்துதுன்னு எவ்வளவோ பேர் கேக்கறாங்க, மூணுக்கும் கிடைக்கற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான், "ப்ரீலோடை ரெண்டு ஸ்டெப் ஏத்தி வை", அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே இன்னும் கொஞ்சம் அமுக்கி வை. மூணும் வேற வேற வியாதி, மாத்திரை மட்டும் ஒண்ணுன்னா எப்படி சரியாகும்? அதான் ஒவ்வொரு வழியும் என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல டயர் காத்து பாருங்க. மேனுவல்ல சொன்ன அளவுல இல்லன்னா கீழ எழுதிருக்கற எதையும் தொட வேண்டாம், காத்து குறைஞ்ச டயரும் தப்பான சஸ்பென்ஷனும் வளைவுல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்ப பெரிய சண்டைக்கு வரேன், ப்ரீலோடு ஏத்தறதா இல்ல ஸ்ப்ரிங்கையே மாத்தறதா. ப்ரீலோடு ஏத்துனா ஸ்ப்ரிங் கெட்டியாயிடும்னு நிறைய பேர் நம்பறாங்க, ஆகாது. கணக்கு போட்டாலே தெரிஞ்சிடும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 9 நியூட்டன் கேக்கற ஸ்ப்ரிங்கை 10 மில்லி ப்ரீலோடு வச்சு மாட்டறோம்னு வைங்க, அது அசையவே 90 நியூட்டன் வேணும், ஆனா அசைஞ்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு மில்லிக்கும் அதே 9 தான். இன்னொரு பக்கம் மில்லிக்கு 10 நியூட்டன் ஸ்ப்ரிங், ப்ரீலோடு வெறும் 5 மில்லி. 20 மில்லி அமுங்குனா முதல் ஸ்ப்ரிங் 270, ரெண்டாவது 250. 50 மில்லில 540, 550, ஏறக்குறைய சமம். 100 மில்லிக்கு போனா 990, 1050. அதாவது கெட்டி ஸ்ப்ரிங்தான் சின்ன மேடு பள்ளத்துல மெத்துனு இருக்கு, ஆழமா அமுங்கும்போது தாங்கிப் பிடிக்குது. ப்ரீலோடு ஏத்துன மெல்லிசு ஸ்ப்ரிங் நேர் தலைகீழ், சின்ன கல்லுக்கு உதறும், பெரிய பள்ளத்துல முழுசா அமுங்கி அடி தட்டும். நான் முதல்ல இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டுப் பாத்தப்ப நம்பாம ரெண்டு தடவை திரும்பப் போட்டேன்.

அப்ப ப்ரீலோடு எதுக்குன்னா, வண்டி எந்த உயரத்துல உக்காரணும்னு முடிவு பண்றதுக்கு. சஸ்பென்ஷன் முழுசா நீண்ட நிலைலேர்ந்து வண்டி எவ்வளவு இறங்குதோ அதுக்குப் பேர்தான் ஸாக். சக்கரம் தரைல படாம வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் ஆக்ஸில்லேர்ந்து நேர் மேல ஒரு இடம் வரைக்கும் டேப் வச்சு அளந்துக்கங்க, அப்புறம் வண்டி தன் எடைல தரைல நிக்கும்போது, அப்புறம் நீங்க ஹெல்மெட் ஜாக்கெட் எல்லாம் போட்டுட்டு கால் ரெண்டையும் ஃபுட்ரெஸ்ட்ல வச்சு உக்காந்திருக்கும்போது, இதுக்கு வண்டியைப் பிடிக்க ஒருத்தர், அளக்க ஒருத்தர் கூட வேணும். சீல் உராய்வால ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வரும், அதனால ஒரு தடவை அமுக்கி மெதுவா விட்டு அளந்து, இன்னொரு தடவை தூக்கி மெதுவா விட்டு அளந்து, ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதை எடுத்துக்கங்க. ரோடு வண்டிக்கு ஆள் உக்காந்த ஸாக் 30லேர்ந்து 35 மில்லி, பின்னாடி வெறும் வண்டி ஸாக் 5லேர்ந்து 10 மில்லின்னு வச்சு ஆரம்பிக்கலாம். நீளமான டிராவல், அதாவது சஸ்பென்ஷன் மொத்தமா அமுங்கற தூரம், இருக்கற அட்வென்ச்சர் வண்டிக்கு இதைவிட ஜாஸ்தி வரும், மொத்த டிராவல்ல மூணுல ஒரு பங்குன்னு எடுத்துக்கங்க.

இந்த ரெண்டு நம்பரையும் சேத்துப் பாத்தாதான் சண்டை தீரும். ஆள் உக்காந்த ஸாக் 33 வந்துருச்சு, ஆனா வெறும் வண்டி துளிகூட அமுங்கலன்னா ஸ்ப்ரிங் உங்க எடைக்கு மெல்லிசு, ப்ரீலோடை இறுக்கி இறுக்கிதான் அந்த 33 வந்திருக்கு. ஆள் ஸாக் அதே 33, வெறும் வண்டியே 20 மில்லி இறங்குதுன்னா ஸ்ப்ரிங் ரொம்பக் கெட்டி. இந்த ரெண்டு கேஸ்லயும் ப்ரீலோடு நட்டை எவ்வளவு திருகுனாலும் வேலைக்காகாது, ஸ்ப்ரிங்தான் மாத்தணும். பின்னாடி ஆள் ஏத்தறீங்க, பெட்டி கட்டறீங்கன்னா மட்டும் யோசிக்காம ப்ரீலோடு ஏத்துங்க, அதுக்காகத்தான் அதை வச்சிருக்காங்க, இறக்கி விட்டதும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

அடுத்து டேம்பிங். இதுல ரீபவுண்டா கம்ப்ரெஷனான்னா ரோட்டுக்கு ரீபவுண்டுக்குதான் என் ஓட்டு. கம்ப்ரெஷன் அமுங்கற வேகத்தைக் கட்டுப்படுத்தும், ரீபவுண்டு திரும்பி எழும்பற வேகத்தை. ரீபவுண்டு பத்தலன்னா வளைவு நடுவுல ஒரு மேடு வந்தா வண்டி ஊஞ்சல் ஆடும். அதிகமாயிட்டா இன்னும் மோசம், வரிசையா நாலஞ்சு பள்ளம் வரும்போது ஷாக் மேல வர்றதுக்குள்ள அடுத்த அடி விழும், இப்படியே கீழ கீழ போயி கடைசில ஸ்ப்ரிங்கே இல்லாத மாதிரி கட்டையா இடிக்கும், இதைப் பாத்துட்டு "ரொம்ப டைட்டு"ன்னு கம்ப்ரெஷனைக் குறைக்கறவங்கதான் அதிகம், குறைக்க வேண்டியது ரீபவுண்டு. சோதிக்க சீட்டை நல்லா அமுக்கி விடுங்க, ஒரே தடவை எழும்பி நிக்கணும், ரெண்டாவது ஆட்டம் இருக்கக் கூடாது, அதுக்காக நத்தை மாதிரியும் ஏறக் கூடாது.

டேம்பிங் ஸ்க்ரூவைத் திருப்பி கிளிக் எண்ணும்போது அதை முழுசா உள்ள மூடி அங்கேர்ந்து வெளிய எண்ணணும், மூடும்போது மெதுவா, தட்டுனதும் நிறுத்திடுங்க, பலம் போட்டா உள்ள இருக்கற ஊசி முனை கெட்டுப் போகும். தொடறதுக்கு முன்னாடி கம்பெனி செட்டிங் எத்தனை கிளிக்னு எழுதி வச்சுக்கங்க. ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரூ, ரெண்டு கிளிக், அதே ரோடு.

அட்ஜஸ்ட்டரே இல்லாத சாதா ஃபோர்க்குன்னா, அதாவது முன்பக்க சஸ்பென்ஷன் குழாய்கள், கெட்டி ஆயிலா, ஆயில் மட்டம் ஏத்தறதா? என் பழைய வண்டிக்கு மூக்கு குத்துதுன்னு சொன்னதும் மெக்கானிக் ஒருத்தர் 10 டபிள்யூ ஆயிலுக்குப் பதிலா அதைவிடக் கெட்டியான 20 டபிள்யூ ஊத்திட்டாரு, மூக்கு மெதுவா குத்துச்சு, ஆனா அதே ஆழம்தான் குத்துச்சு, ரோட்டு ஒட்டுக்கு மேல ஏறும்போதெல்லாம் ஹேண்டில்பார்ல அடி, அரை மணில கை மரத்துப் போச்சு. சாதா ஃபோர்க்ல ஆயில் சின்ன ஓட்டை வழியாதான் போகணும், வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்காகும், அதனால கூர்மையான அடிக்குக் கெட்டி ஆயில் சுவராயிடும். கூடவே ரீபவுண்டும் ஏறிடும், தனியாப் பிரிக்க முடியாது. ஆயில் மட்டம் வேற கதை, மேல இருக்கற காத்து இடம் சுருங்கறதால கடைசிப் பகுதி அமுங்கலை மட்டும் கெட்டியாக்கும், அடி தட்டறதுக்கு அது நல்ல மருந்து, மட்டத்தை 5 மில்லிமீட்டர் 5 மில்லிமீட்டரா ஏத்திப் பாக்கலாம். மூக்கு குத்தறதுக்கு? பெரும்பாலும் ஸ்ப்ரிங்.

ஃபோர்க்கை, அதைப் பிடிச்சிருக்கற கிளாம்ப்ல 5 மில்லி மேல தூக்கறது கடைசி ஆயுதம், முன்பக்கம் தாழ்ந்து வண்டி சுறுசுறுப்பா திரும்பும், ஆனா நேர் ரோட்டு நிதானம் கொஞ்சம் போகும், முழுசா அமுங்குனா டயர் எங்கயும் உரசலைன்னு பாக்காம பண்ணாதீங்க.

எது பண்ணாலும் ஃபோர்க் குழாய்ல ஒரு மெல்லிசு கேபிள் டை கட்டி, டஸ்ட் சீல் வரைக்கும் இறக்கி விட்டுட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. டிராவல் முடியறதுக்கு 10, 15 மில்லி இருக்கும்போது நின்னிருந்தா ஃபோர்க் முழுசா வேலை பாக்குது. பாதியைத் தாண்டவே இல்லன்னா ஏதோ ஒண்ணை ரொம்ப இறுக்கி வச்சிருக்கீங்க. தினமும் கடைசி வரைக்கும் போயிட்டிருந்தா ஸாக் நம்பர் ரெண்டையும் திரும்ப எடுத்துப் பாருங்க.