மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவி, முதல் தலைமுறை: இரவில் சார்ஜ் போடுகிறவர்களுக்கான வண்டி

2013 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்த வண்டியைச் சாதாரண ஹைபிரிட் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிஎச்இவி என்றால் பிளக்கில் சார்ஜ் போடும் ஹைபிரிட். இது எஞ்சினையும் சுமந்து ஓடும் மின்சார வாகனம். முன்னுக்கும் பின்னுக்கும் தலா 60 கிலோவாற் மோட்டர். படிப்படியாக மாறும் கியர்பெட்டி கிடையாது. பின்சில்லுக்குப் போகும் புரொப்பல்லர் சாஃப்ற்றும் கிடையாது. 2 லீற்றர் பெற்றோல் எஞ்சினின் முதல் வேலை ஜெனரேற்றரைச் சுற்றுவது. மணிக்கு சுமார் 65 கிலோமீற்றரைத் தாண்டிய பிறகுதான் கிளச் பிடித்து எஞ்சின் நேரே முன்சில்லுகளைத் தள்ளும். அதற்கு இருப்பது ஒரேயொரு பல்விகிதம் என்பதால், குறைந்த வேகத்தில் நேரே தள்ளினால் எஞ்சின் திணறிவிடும். எங்கள் கணிப்பில் இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி இதுதான். நெரிசலில் உலுக்கல் இல்லாமல், மெத்தென்று நகரும்.

தரையடியில் 12 கிலோவாற் மணி பற்றரி, அதாவது 12 யூனிற். முழுவதையும் வண்டி பயன்படுத்தாது. மீற்றர் வெறுமை காட்டும்போதும் சுமார் 30 வீதம் உள்ளே இருக்கும். ஆகவே ஜப்பானியச் சோதனை சொல்லும் 60.2 கிலோமீற்றரை வீதியில் எதிர்பார்க்க வேண்டாம். ஏசி போட்டு 35 முதல் 40 கிடைத்தால் பற்றரி நல்ல நிலையில் உள்ளது.

பற்றரி இறங்கியபின் ஏற்றத்தில்தான் இதன் பலவீனம் தெரியும். எஞ்சின் உச்சத்தில் இரையும், இழுவையோ குறையும். கண்டிக்குப் போகிறவர்கள் பற்றரி பாதியாவது இருக்கும்போதே பற்றரியைச் செலவழிக்காமல் காக்கும் சேவ் பட்டனை அழுத்திக்கொண்டு, கடுகண்ணாவை ஏற்றத்தில் அதை விடுவிக்க வேண்டும். நுவரெலியாவில் இரவு தங்குகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஆலோசனை: 100 வீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். மோட்டர் பிரேக் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரத்தை வாங்க நிரம்பிய பற்றரியில் இடமில்லாததால், ஸ்ரியரிங்கின் பின்னாலுள்ள பிளேற்றை உச்ச அளவான பி5 வரை இழுத்தாலும் மோட்டர் பிடிக்கும் பிரேக் மிகவும் குறைந்துவிடும். பாரமெல்லாம் பிரேக் கட்டைகள் மேல் விழும். வண்டியோ 1,800 கிலோ அளவு.

வீட்டில் 230 வோல்ற், 10 ஆம்பியரில் முழுச் சார்ஜுக்குச் சுமார் 5 மணி நேரம். 13 ஆம்பியர் சொக்கற்றில் நீட்டுவயர் போட்டுச் சார்ஜ் செய்வது ஆபத்து. தளர்ந்த பிடியில் மணிக்கணக்காக மின் ஓடினால் பிளக் உருகும். மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் இழுத்துக்கொள்ளுங்கள். சாடெமோ என்ற ஜப்பானிய முறை வேகச் சார்ஜில் 80 வீதத்துக்கு அரை மணி நேரம் போதும்.

மின்சாரத்திலேயே ஓட்டுகிறவர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15 லீற்றருக்குக் குறையாமல் பெற்றோல் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாங்கியில் எரிபொருள் பழுதாகாமலிருக்க வண்டி தானே எஞ்சினை ஓட்டும். இதைக் கோளாறு என்று கராஜுக்குக் கொண்டுபோக வேண்டாம். சிறிய 12 வோல்ற் பற்றரி செத்தாலும் வண்டி ஓடத் தயார் என்று காட்டும் "ரெடி" விளக்கு வராது. பெரிய பற்றரியைச் சந்தேகிப்பதற்கு முன் சிறியதை அளந்து பாருங்கள்.

பழையது வாங்குகிறவர்கள் வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி சொக்கற்றில் புளூடூத் கருவியைச் செருகி, வொட்ச்டோக் என்ற கைபேசிச் செயலியில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் ஆம்பியர்-மணி அளவைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. புதிதில் 40. எங்கள் கணக்கில் 30க்குக் கீழே போனால் பற்றரிச் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். 80 செல்களின் வோல்ற்றேஜையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கீழே நின்றால், மொத்த அளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2013 மார்ச்சில் பற்றரி சூடாகி உருகிய சம்பவத்தால் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அந்தத் தொடக்க மாதங்களின் வண்டியென்றால் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செய்த திருத்த வேலை முடிந்த பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

2018இல் எஞ்சின் 2.4 லீற்றராகவும், பற்றரி 13.8 யூனிற்றாகவும், பின்மோட்டர் 70 கிலோவாற்றாகவும் உயர்ந்தன. ஏற்றத்துத் திணறல் அதில் குறைவு. பணம் எட்டுமானால் அதையே எடுங்கள். தினமும் 40 கிலோமீற்றருக்குள் ஓடி, வீட்டில் சார்ஜ் போட வசதியுள்ளவருக்குப் பழையதும் போதும். அடுக்குமாடியில் பிளக் இல்லாதவருக்கு இரண்டுமே வேண்டாம்.