1987 மாருதி வேன்: நாலு வருஷம், 19,000 கிலோமீட்டர்

அம்மாவின் முழங்கால்தான் இந்த வண்டியை வாங்க வைத்தது. எங்கள் சின்னக் காரில் உட்காருவது அவருக்குக் குழிக்குள் இறங்குவது போல, மைத்துனரின் எஸ்.யூ.வி.யில் ஏறவோ முக்காலி போட வேண்டும். 2021 தீபாவளி முடிந்த வாரம், ஆத்தூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய மாருதி வேனைப் பார்க்கப் போனோம். பக்கக் கதவைத் தள்ளியதும் அம்மா அப்படியே திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இது நல்லா இருக்குடா" என்றார். விலை பேசி முடிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. 62,000 ரூபாய்க்குக் கீழே அந்த மனிதர் இறங்கவே இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் ஆம்னி என்ற பெயர் கிடையாது. 1984-இல் வந்தபோது இது வெறும் மாருதி வேன்தான். ஆம்னி ஆனது 1988-இல். என்னுடையது 1987. டி.என். போட்டு ஆர்.டி.ஓ. அலுவலக எண் சேர்க்கும் முறை 1989-இல்தான் வந்தது என்பதால், இதற்குப் பழைய மூன்றெழுத்து நம்பர். பெட்ரோல் பங்கில் பையன்கள் முதலில் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். "வின்டேஜா அண்ணா?" என்பார்கள். சட்டப்படி ஐம்பது வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ். இது பழைய வண்டி, அவ்வளவுதான். மற்றவர்கள் சினிமாவில் ஆள் கடத்தும் வண்டி என்று சிரிப்பார்கள். இரண்டு குழந்தைகள் கத்திக்கொண்டு வரும்போது அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

பழைய வேன் என்று முடிவானதும் மெட்டடார் என்ற இன்னொரு பழைய வேனையும் பார்த்தேன். மாருதியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் உதிரி பாகம். 796 சிசி, மூன்று சிலிண்டர், மாருதி 800-இல் இருந்த அதே எஞ்சின். ஆம்னி 2019 வரை தயாரிப்பில் இருந்தது. பிஸ்டன் ரிங், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும். கிடைக்காதவை வேறு ரகம்: பழைய மாடல் ஹெட்லைட் வளையம், கண்ணாடி பீடிங், ஸ்லைடிங் கதவின் ரோலர். அவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைதான் கதி.

வாங்கியதும் நான் செய்த முதல் வேலை பெயின்ட். இதைப் படித்துவிட்டு யாராவது பழைய வண்டி வாங்கினால், தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் 38,000 ரூபாய்க்குப் பேசி, அதே வெள்ளை நிறம் அடித்தார்கள். (நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்று பழைய நிறத்திலேயே விட்டேன்.) வண்டி பளபளவென்று வந்தது. வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தோம். மார்ச் மாத வெயிலில் ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்துக்குக் கீழே அம்மைக் கொப்புளம் போல நாலைந்து எழும்பின. மகள் நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். பெயின்ட், அதற்கடியில் விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதற்கடியில் ஒன்றுமே இல்லை. ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது.

அதற்கப்புறம்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவும். பின் சக்கரங்களுக்கு மேல் வளைவு, முன் மிதியடி விரிப்புக்கு அடியில் கால் வைக்கும் தரை, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், எல்லா இடத்திலும் பிள்ளையார் வழுக்கி விழுந்தார். இந்த இரண்டு நிமிஷ வேலையை ஆத்தூரிலேயே செய்திருந்தால் பேரம் வேறு மாதிரி போயிருக்கும். வேறொரு டிங்கர் அண்ணன் அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். 27,000. பார்க்க அழகாக இல்லை, தையல் போட்ட இடம் தெரியும். ஆனால் நாலு மழைக்காலம் தாண்டியும் அந்த இடங்களில் துரு இல்லை.

தரையை வெட்டியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பின்சீட்டுக்குப் பின்னால் தரையில் நாலு துளை, அங்கிருந்து எஞ்சின் வரை வெறுமனே கிடந்த ஒரு செப்புக் குழாய். வீட்டு சிலிண்டரில் ஓடிய வேன். ஒரு காலத்தில் ஊருக்குப் பத்து வேன் இப்படி ஓடின, எத்தனையோ எரிந்தும் போயின. குழாயைப் பிடுங்கி, துளைகளை அடைத்து, கார்புரேட்டருக்கு மேல் செருகியிருந்த வளையத்தையும் கழற்றினோம். அது வரை காலையில் சோக் இழுத்தாலும் கிளம்பாமல் முரண்டு பிடித்த வண்டி, மறுநாள் இரண்டாவது சுற்றில் கிளம்பியது.

அடுத்து ஏற்காடு கதை. சேலத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள். வீட்டிலிருந்து அடிவாரம் ரொம்பத் தூரமில்லை என்பதால் அதையே முதல் சோதனைப் பயணமாக வைத்தோம். 2022 ஏப்ரல் கடைசி, ஞாயிற்றுக்கிழமை, முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து முக்கிக்கொண்டு ஏறுகிறது. நான் முதல் கியரில். பாதி வளைவுகள் தாண்டியிருக்கும், எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சூட்டு மீட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பாருங்க தம்பி."

"கை வைக்க முடியல அண்ணே."

"ஈரத்துணி சுத்துங்க. பத்து நிமிஷம் டீ குடிங்க."

டீக்கடை இல்லை. என் மனைவி குழந்தையின் துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்ற, அம்மா எவர்சில்வர் சொம்பிலிருந்து குடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார், அபிஷேகம் மாதிரி. இந்த வண்டியில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில், பெட்டிக்குள் வைத்தது போல உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக ஏறும்போது காற்று உள்ளே வராது. பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் அதை இழுத்துத் தள்ள முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிட்டது.

ஊர் திரும்பியதும் சைலன்சர் பக்கம் போன பெட்ரோல் குழாயைத் தள்ளி மாற்றி, நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக வைத்தோம். மொத்தச் செலவு 700 ரூபாய். அதற்கப்புறம் ஏற்காடு ஆறு தடவை போய்விட்டோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருந்தாலும் அந்தத் துண்டு இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

எரிபொருள் பற்றி இன்னொன்று. இப்போது பங்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1987-ஆம் வருஷத்து ரப்பருக்கு அது ஆகாது. என் வண்டியில் குழாய்கள் உப்பி, பிசுபிசுத்து, தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. எல்லாக் குழாய்களையும், பம்பின் டயஃப்ரத்தையும், கார்புரேட்டர் கிட்டையும் மாற்றியாயிற்று. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்து, அந்தத் தூள் கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டில் போய் அடைக்கும். அதனால் வாரம் ஒரு தடவையாவது காய்கறி வாங்க இதில்தான் போகிறேன். சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல. கையெட்டும் தூரத்தில் ஒரு கிலோ தீயணைப்பானும் வைத்திருக்கிறேன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பாடம் எடுத்தது. பிரேக்குக்குப் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) கிடையாது, நாலு சக்கரத்திலும் டிரம். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதல் தடவை மிதித்தால் பெடல் செங்கல் போல இருக்கும். முதல் இறக்கத்தில் கருகிய நாற்றம் வந்து, அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றோம். நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், லைனிங், பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற 9,500. பெயின்டுக்குக் கொடுத்ததில் கால்வாசி. இப்போது எந்த கியரில் ஏறினேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன். ஆனாலும் கொல்லிமலையின் எழுபது வளைவுகளுக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோகவும் மாட்டேன்.

உள்ளே செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் இணையத்தில் பார்த்த வெளிநாட்டு கேம்பர் வேன்களைப் போல அடுப்பு, சிங்க், கூரையில் ஜன்னல் என்று கனவு. ஆனால் பதிவில் இருக்கும் அமைப்பை வெட்டி மாற்றக் கூடாது; உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்திருக்கிறது. அதனால் எதையும் வெல்டிங் செய்யாமல், கழற்றி வைக்கும்படி செய்வது என்று முடிவெடுத்தோம். சங்ககிரியில் லாரி கேபினுக்குள் மரவேலை செய்யும் ஒருவரைப் பிடித்தேன். லாரி டிரைவர் படுக்க எவ்வளவு இடம் போதும் என்று அளந்து பழகிய கை. மடிக்கும் பின்சீட்டின் மேல் விரிகிற மாதிரி மூன்று துண்டுப் பலகை, இரண்டு பெட்டி. ஒரு பெட்டியில் பாத்திரமும் ஸ்டவ்வும், இன்னொன்றில் டூல்ஸ். மெத்தைக்கு மூன்று அங்குல ஃபோம், திரைச்சீலைக்குக் கரூர்த் துணி. திரை நிறுத்தியிருக்கும்போது மட்டும்தான். ஓடும்போது ஜன்னலை மறைத்தால் அபராதம் போடுவார்கள்.

இதில் இரவு தங்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்; நேராகப் படுத்தால் கால் பின்கதவை முட்டும். ஒரு இரவு முயன்று பார்த்தோம், ஒகேனக்கல் பக்கத்தில். கொசுவும் புழுக்கமும் சேர்ந்து மூன்று மணிக்கே எல்லோரையும் எழுப்பிவிட்டன. அந்தப் படுக்கை இரவுக்கானது அல்ல, மதியத்துக்கானது. சாப்பிட்டதும் புளியமரத்தடியில் நிறுத்தி, பக்கக் கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். அம்மாவும் குழந்தைகளும் ஒரு மணி நேரம் தூங்குவார்கள். ஏ.சி. இல்லாத குறை அந்த ஒரு மணி நேரம் மட்டும் தெரியாது.

குறைகளை மறைக்க மாட்டேன். முன்னால் மோதினால் முதலில் அடிபடுவது ஓட்டுபவரின் முழங்கால். நடுவில் எதுவும் இல்லை. பின்சீட்டுக்கு பெல்ட் வைத்திருக்கிறேன், ஆனால் அதை வைத்துப் புது வண்டியோடு ஒப்பிட முடியாது. சுமார் 35 குதிரைத்திறன், நாலு கியர். அறுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை, இரவில் நெடுஞ்சாலை இல்லை, காற்றடிக்கும் நாளில் பாலத்தின் மேல் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோடையில் இரண்டு மணி நேரம் தாண்டினால் தொடைக்கு அடியில் சூடு ஏறும். எனக்குக் கிடைக்கும் மைலேஜ் சமவெளியில் 14, மலையில் 10. பதிவு புதுப்பிப்பு வேறு: 2022-இல் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கிய கையோடு என் முறை வந்தது. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு இப்போது 10,000. அடுத்தது 2027-இல். பசுமை வரி தனி. இதுவரை வண்டி விலை போக ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் இறக்கியிருக்கிறேன். விற்றால் அதில் பாதி வராது.

நீண்ட பயணம் என்றால் போன ஜனவரியில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழி. தாராசுரத்தில் இறங்கிக் கோவில் பார்த்தோம். அதற்கு முன்னால், பாபநாசம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் காத்திருந்து, கிளட்ச்சை மிதித்தால் பெடல் தரையோடு போய்விட்டது. கேபிள் அறுந்திருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க, முதல் கியரில் போட்டு அப்படியே ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். வண்டி குதித்துக் குதித்து ஓரமாக வந்தது. உதிரி கேபிள் கைவசம் இருந்தது, ஆனால் அது 800-க்கானது! எஞ்சின் இருக்கும் இடம் வேறு, நீளமும் வேறு. அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்திருந்தேன். கும்பகோணம் போய்ச் சரியான கேபிளோடு நான் பேருந்தில் திரும்பி வருவதற்குள், வயலோரம் பலகையை விரித்து, ஸ்டவ் பற்றவைத்து, கேட்கீப்பர் வரை எல்லோருக்கும் காபி போட்டு முடித்திருந்தார் அம்மா.

கடலோரம் போய் வந்தால் அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன். இப்போதைக்கு பாக்கி வேலை ஸ்லைடிங் கதவுதான். அம்மாவால் ஒரு கையால் தள்ள முடியவில்லை. புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி நடு ரோலர் இரண்டு வாங்கினேன். ஒன்றை மாட்டியாயிற்று. மற்றது கேபிளோடு சேர்த்து டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது, இந்தத் தடவை அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.