வண்ணாரப்பேட்டை பொரிகடலைக் கடை: தாடைக்கு வேலை வைக்கும் தீனி

பழைய வண்ணாரப்பேட்டை மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் இந்தக் கடையைப் பார்த்திருப்பீர்கள், வாசலிலேயே இரும்புச் சட்டியில் மணலைச் சுடவைத்து வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருப்பார்கள். உப்புக்கடலை, சோளப்பொரி, தட்டை எல்லாமே நன்றாக இருக்கும். ஆனால் நான் போவது பொருவிளங்காய் உருண்டைக்காக, வறுத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிப் பிடிக்கிற இனிப்பு அது. கல் மாதிரி இருக்கும். கடைவாயில் ஒதுக்கி, கொஞ்சம் ஊறவிட்டு, மறுபடி கடித்து மென்றால்தான் உள்ளே இறங்கும். என் மகளுக்கு ஏழு வயது, ஒன்றைத் தின்று முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது, எனக்கு வேண்டியதும் அதுதான்.

பிள்ளைகள் இப்போது சாப்பிடுவதில் மெல்லுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். காலையில் பாலில் ஊறின பிஸ்கட், மதியம் குழைந்த தயிர்சாதம், ராத்திரி நூடுல்ஸ். கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைத்துக்கொண்டு வருமே, அதுதான் மாசெட்டர் தசை. வேலை கொடுக்காவிட்டால் அது வலுவாக வளராது. மாவுத் தீனியே கொடுத்து வளர்த்த எலிகளுக்கு இந்தத் தசை சிறுத்தும் தாடை எலும்பு மெலிந்தும் இருந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில், சமைத்து மென்மையாக்கிய உணவையே தின்று வளர்ந்த ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குகளின் முகத்தில், மெல்லும் அழுத்தம் விழும் பகுதிகள் சுமார் 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன. அதற்காக, கடலை தின்றால் பல் வரிசையாக முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பரம்பரை, விரல் சூப்புவது என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மெல்லுவது பழகப் பழகத்தான் வரும். 6 மாதத்தில் மசித்த சாதத்தில் ஆரம்பித்தால் 8, 9 மாதத்தில் கொஞ்சம் கட்டிகட்டியாக, 1 வயதில் வீட்டுச் சாப்பாடு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும், மிக்ஸியிலேயே நிறுத்திவிடக் கூடாது.

கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அக்காதான். கைக்குழந்தையோடு யாராவது கடலை கேட்டால், "பாப்பாவுக்கா? அப்ப வேணாம்மா, அரிசிப்பொரி வாங்கிட்டுப் போ" என்று அவரே சொல்லிவிடுவார். சரியான பேச்சு. 5 வயதுக்குள் முழுக்கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

குறையும் உண்டு. உப்புக்கடலையில் உப்பு ஜாஸ்தி. வேர்க்கடலையில் சில நாள் மணல் நறநறக்கிறது, வீட்டில் ஒருமுறை புடைத்துவிட்டுக் கொடுங்கள். பொருவிளங்காயில் வெல்லம் இருப்பதால் தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும், பல் ஆடிக்கொண்டிருந்தாலோ சொத்தை இருந்தாலோ அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம், பிள்ளைகளுக்கென்று உப்புப் போடாத கடலையையும் தனியாக வறுத்து வைத்தால் நான் ஒவ்வொரு வாரமும் வாங்குவேன்.