வெள்ளை யானைக்கு 57 வருடத் தீனி: ஓக்லண்ட் ஏஸ் அணி, நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மிக்சிக்கும் பைக்குக்கும் எழுதுவதுபோல ஒரு பேஸ்பால் அணிக்குப் பயன்பாட்டு அனுபவம் எழுத முடியுமா? மற்ற அணிகளுக்கு எப்படியோ, அத்லெடிக்ஸ் (சுருக்கமாக ஏஸ்) அணிக்குத் தாராளமாக எழுதலாம். எத்தனை வருடம் உழைக்கும், எந்தப் பாகம் முதலில் கழன்றுகொள்ளும், கழன்றால் உரிமையாளர் என்ன சொல்வார் என்பதற்கெல்லாம் 1901-லிருந்து கணக்கு இருக்கிறது. பிலடெல்பியாவில் 1954 வரை, கான்சஸ் சிட்டியில் 1967 வரை, ஓக்லண்டில் 1968 முதல் 2024 வரை. இப்போது சேக்ரமென்டோ பக்கத்தில் வாடகைக் குடித்தனம். 2028-ல் லாஸ் வேகஸுக்குக் குடிபோவதாகத் திட்டம். மொத்தம் 9 உலகத் தொடர் (சீசன் கடைசியில் நடக்கும் இறுதிப் போட்டி) கோப்பைகள், அதில் நான்கு ஓக்லண்டில் வந்தவை: 1972, 1973, 1974, 1989.

1902-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா இந்த அணியை 'வெள்ளை யானை' என்று கிண்டலடித்தார். அணி ரோஷப்பட்டு அந்த யானையையே சின்னமாக வைத்துக்கொண்டது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். இங்கே தீனி போட்டவர்கள் ரசிகர்கள்; யானை யாருடையது என்பதுதான் எப்போதும் தகராறு.

முதலில் குறையைச் சொல்லிவிடலாம். இந்த அணி காய்த்துக் கனியும், கனிந்ததும் விற்கப்படும். 1914-ல் 99 ஆட்டம் வென்று உலகத் தொடருக்குப் போய் பாஸ்டன் பிரேவ்ஸிடம் 4-0 என்று தோற்றது. உரிமையில் பங்கு வைத்திருந்த மேனேஜர் கானி மேக், எடி காலின்ஸை 50,000 டாலருக்கு விற்றார். எடி பிளாங்கும் சீஃப் பெண்டரும் போட்டி லீகுக்குப் போய்விட்டார்கள். மறுவருடம் 43-109 (வெற்றி-தோல்வி). அதற்கடுத்த வருடம் 36-117. 1929, 1930 கோப்பைகளுக்குப் பிறகும் அதே கதைதான்: சிம்மன்ஸ், காக்ரேன், குரோவ், ஃபாக்ஸ் என்று ஒவ்வொருவராகப் பணத்துக்குப் போனார்கள். 1976-ல் உரிமையாளர் சார்லி ஃபின்லி ஜோ ரூடியையும் ராலி ஃபிங்கர்ஸையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், வைடா புளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். பேஸ்பால் கமிஷனர் போவி கூன் அதை ரத்து செய்தார். ரத்தாகி என்ன பயன்? சில மாதத்தில் ரூடியும் ஃபிங்கர்ஸும் ஒப்பந்தம் முடிந்து தாங்களாகவே கிளம்பினார்கள். 1979-ல் 54-108. அந்த ஏப்ரலில் ஒரு நாள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 653 பேர். நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கே அதைவிடக் கூட்டம் இருக்கும்.

அண்மைக் காலத்து விற்பனை 2022-ல். மேட் ஓல்சன் அட்லாண்டாவுக்கு, மேட் சாப்மன் டொரொன்டோவுக்கு, கிறிஸ் பாஸிட் மெட்ஸுக்கு, ஷான் மனாயா சான் டியேகோவுக்கு. வருடக் கடைசியில் ஷான் மர்ஃபியும் போனார். பலன்: 60-102, அடுத்து 50-112.

இது வெறும் கஞ்சத்தனம் என்று நினைத்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி சர்வீஸ் டைம் என்ற கடிகாரம். பெரிய லீகில் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு வருடம். முதல் மூன்று வருடம் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளம். பிறகு மூன்று வருடம் மத்தியஸ்தர் தீர்ப்புப்படி ஏறும் சம்பளம். 6 வருடம் முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரம். நான்காவது, ஐந்தாவது வருடத்தில்தான் ஆள் உச்சத்தில் இருப்பார், வாங்கும் அணிக்கும் ஒன்றிரண்டு சீசன் மிஞ்சும், ஆகவே விலையும் உச்சத்தில். ஓக்லண்ட் விற்ற ஆட்களின் கடிகாரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த முள்ளில்தான் நிற்கும். ரசிகர் செய்ய வேண்டியது எளிது: ஒருவர்மேல் பிரியம் வைக்கும் முன் அவர் சர்வீஸ் டைமைப் பாருங்கள். 3-ஐத் தாண்டி, நீண்ட ஒப்பந்தமும் இல்லையென்றால், ஜூலை 31-ஐ ஒட்டி வரும் டிரேட் கெடுவுக்கு (ஆட்களை அணி மாற்றக் கடைசி நாள்) மனதைத் தயாராக வைத்திருங்கள்.

'ஓக்லண்டில் கூட்டம் வராது, அதனால் காசில்லை' என்று ஒரு வாதம் உண்டு. 1980 முதல் 1995 வரை அணியை வைத்திருந்த ஹாஸ் குடும்பக் காலத்தைப் பார்த்தால் அது நிற்காது. லீகிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணிகளில் ஒன்றாக இருந்தது அப்போதைய ஏஸ். 1988 முதல் 1990 வரை மூன்று வருடமும் உலகத் தொடர். 1990-ல் வந்த கூட்டம் 29 லட்சம். ஊர் அதே ஊர், மைதானமும் அதே மைதானம்.

அந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அணியின் பாதி குணம் அதிலிருந்துதான் வந்தது. கொலிசியம் 1966-ல் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்துக் கட்டியது. வட்டக் கிண்ணத்துக்குள் பேஸ்பாலின் வைர வடிவத்தைப் பொருத்தினால் இரண்டு ஃபவுல் கோட்டுக்கு (ஆடுகளத்தின் எல்லைக் கோடு) வெளியிலும் பெரிய காலியிடம் மிஞ்சும். பெரிய லீகிலேயே அதிக ஃபவுல் நிலம் இங்கேதான் இருந்தது. பேட்டர் பந்தின் அடிப்பாகத்தில் அடித்தால் அது செங்குத்தாக ஏறி மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது மூலை) பின்னால், கோட்டுக்கு வெளியே சாயும். வேறு ஊரில் அது நான்காவது வரிசையில் ஒருவர் மடியில் விழும். பேட்டருக்கு இன்னொரு வாய்ப்பு. இங்கே மூன்றாம் பேஸ்மேன் தலையை அண்ணாந்தபடி இருபது தப்படி ஓடி, மழைத் தார்ப்பாய்ச் சுருளுக்கு முன்னால் நின்று நிதானமாகப் பிடிப்பார். ஸ்கோர் அட்டையில் எஃப்-5 (மூன்றாம் பேஸ்மேன் பிடித்த கேட்ச்) என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகலாம். சாப்மன் மாதிரி ஆள் அங்கே நின்ற வருடங்களில் அட்டை முழுக்க எஃப்-5.

அதோடு இரவில் வளைகுடாவிலிருந்து வரும் குளிர்ந்த கனமான காற்று. வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் 400 அடி போக வேண்டிய பந்து மூன்று நான்கு அடி முன்னாலேயே விழும். பகலில் வேலி தாண்டி ஹோம் ரன் ஆகும் அடி இரவில் வேலி ஓரத்தில் கேட்ச். இதனால் ஓக்லண்ட் பிட்சர்களின் (பந்து எறிபவர்களின்) ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ஓட்டம்; குறைந்தால் நல்லது) எப்போதும் கொஞ்சம் அழகாகத் தெரியும், பேட்டர்களின் எண்கள் கொஞ்சம் மெலிந்து தெரியும். இங்கிருந்து போன பேட்டர் வேறு ஊரில் திடீரென்று 'மலர்ந்துவிட்டார்' என்று எழுதுபவர்கள், அவர் இந்த மைதானத்திலும் வெளியிலும் அடித்ததைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

குறைகளும் சொல்லி மாளாது. 1995-ல் ரெய்டர்ஸ் கால்பந்து அணி திரும்பி வந்தபோது நடுக்களத்துக்குப் பின்னால் ஒரு ராட்சத இருக்கை மதிலை எழுப்பினார்கள். மவுண்ட் டேவிஸ் என்று பட்டப்பெயர். கிழக்கு மலைகள் மறைந்தன. 2013-ல் சாக்கடை பின்வாங்கி ஆட்டக்காரர்களின் அறைக்குள் வந்தது. தரை கடல் மட்டத்துக்கும் கீழே, குழாயும் பழசு, வேறென்ன நடக்கும்? ஆனாலும் வலது கள இருக்கைகளில் மேளம் அடிக்கும் கூட்டம் இருந்தது. மற்றதையெல்லாம் மறக்க அது போதும்.

இனி 'மனிபால்' புத்தகத்தாலும் படத்தாலும் எல்லோருக்கும் தெரிந்த 2002. ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், இஸ்ரிங்ஹாசன் மூவரும் ஒரே குளிர்காலத்தில் போனார்கள். சம்பளப் பட்டியல் சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸ் அதைப்போல மூன்று மடங்கு. பொது மேலாளர் பில்லி பீன் பிடித்த வழி ஆன்-பேஸ் சதவீதம், அதாவது அவுட் ஆகாமல் பேஸ் சேரும் விகிதம். கணக்கு இதுதான்: ஹிட், வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்), உடம்பில் பட்ட பந்து மூன்றையும் கூட்டி, அட்-பேட் (வாக் போன்றவை சேராத பேட்டிங் முறைகள்), வாக், உடம்பில் பட்ட பந்து, சாக்ரிஃபைஸ் ஃப்ளை (கேட்ச் கொடுத்தும் ஓட்டம் சேர்க்கும் அடி) நான்கின் கூட்டால் வகுக்க வேண்டும். 500 அட்-பேட்டில் 150 ஹிட், 20 வாக் எடுத்தவரின் சராசரி .300, ஆன்-பேஸ் .327. அதே 500-ல் 135 ஹிட், 90 வாக் எடுத்தவர் சராசரியில் .270-தான், ஆன்-பேஸ் .381. சந்தை முதலாமவருக்குக் காசு கொடுத்தது. ஓக்லண்ட் இரண்டாமவரை மலிவாக எடுத்தது. முழங்கை நரம்பு கெட்டு கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவராக) எறிய முடியாமல் போன ஸ்காட் ஹாட்டிபர்க்கை முதல் பேஸில் நிறுத்தியது அப்படித்தான். அந்த வருடம் அவர் ஆன்-பேஸ் .374.

செப்டம்பர் 4, தொடர்ச்சியான 20-வது வெற்றிக்கான ஆட்டம். மூன்று இன்னிங்ஸில் 11-0. கான்சஸ் சிட்டி ஒவ்வொன்றாகக் குறைத்து ஒன்பதாவதில் 11-11 ஆக்கியது. ஓக்லண்ட் பேட் செய்யும் கீழ்ப்பாதியில் ஒரு அவுட், மாற்று ஆளாக ஹாட்டிபர்க். கிரிம்ஸ்லியின் முதல் பந்தை விட்டார். இரண்டாவது வலது நடுவேலிக்கு மேலே போனது. 12-11.

ஆனால் அந்த அணியை வாக் மட்டும் தூக்கவில்லை. ஹட்சன், முல்டர், ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்களும், அந்த வருட எம்விபி (மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்) தெஹாதாவும் பேச்சில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். ஸீட்டோ 23-5, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஓட்டக் கணக்கையும் பார்க்க வேண்டும்: அடித்தது 800, கொடுத்தது 654. அடித்ததன் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய வெற்றி விகிதம் .599, 162 ஆட்டத்துக்கு 97 வெற்றி. வென்றது 103. அந்த ஆறு ஆட்டத்தை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இதே சூத்திரத்தை 2023-க்குப் போட்டால் (585 அடித்து 924 கொடுத்தது) 46 வருகிறது, வென்றது 50. ஆக அந்த 112 தோல்வியிலும் அதிர்ஷ்டம் இவர்கள் பக்கம்தான் இருந்திருக்கிறது!

பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) நடக்கும் அக்டோபர் என்றால் இந்த அணிக்கு ஆகாது. 2000 முதல் 2003 வரை நான்கு வருடமும் ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் தோல்வி. இன்னும் ஒன்று வென்றால் தொடர் கையில் என்ற நிலையில் ஆடிய ஆட்டங்கள் ஒன்பது, ஒன்பதும் தோல்வி. ஆட்டத்துக்கு 55 சதவீத வாய்ப்புள்ள அணிகூட ஐந்து ஆட்டத் தொடரை நூற்றுக்கு 41 தடவை தோற்கும் என்பது உண்மைதான். அப்படியே பார்த்தாலும் நான்கு வருடமும் தொடர்ந்து தோற்க வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. எனவே கணக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. 2001-ல் ஜெரமி ஜியாம்பி ஹோம் பிளேட்டில் (ஓட்டம் முடியும் இடம்) சறுக்காமல் நின்றபடி ஓடி வந்து, யாங்கீஸின் ஜீட்டர் தட்டிவிட்ட பந்தில் அவுட். 2003-ல் எரிக் பர்ன்ஸ் பிளேட்டைத் தொடாமலே தாண்டினார். அதே ஆட்டத்தில் தெஹாதா நடுவரைப் பார்த்து முறையிட்டபடி ஓட்டத்தை நிறுத்தி அவுட் ஆனார். பேஸுக்குப் போகக் கற்றுக்கொடுத்த அணி, பேஸிலிருந்து வீட்டுக்கு வரக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஓக்லண்டின் கடைசி அத்தியாயம் சுருக்கமானது. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஆட்டத்தைப் புறக்கணிக்காமல், வேண்டுமென்றே திரண்டு வந்தார்கள்: 27,759 பேர், உரிமையாளரைப் பார்த்து 'விற்றுவிடு' என்ற பச்சைச் சட்டையோடு. டாம்பாவை 2-1 என்று வென்றது, அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. அதே நாளில் நெவாடா செனட் புது மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற உரிமையாளர்கள் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம்: டெக்சஸுக்கு எதிராக 3-2 வெற்றி, 46,889 பேர், மேசன் மில்லர் கடைசி அவுட். கூட்டம் வராத ஊராம்.

2025 சேக்ரமென்டோ சீசனை மட்டும் மதிப்பிட்டால்: பேட்டிங் நான்கு நட்சத்திரம், பிட்சிங் ஒன்றரை. சட்டர் ஹெல்த் பார்க் சின்ன லீக் மைதானம், சுமார் 14,000 பேர் கொள்ளும். சராசரிக் கூட்டம் 10,000-ஐத் தொடவில்லை. ஆட்டக்காரர்களின் அறை இடது வேலிக்கு அப்பால். டக்-அவுட்டிலிருந்து (களத்தோரம் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) இன்னிங்ஸ் நடுவே போய் வர முடியாது. ஃபவுல் நிலம் குறைவு, கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். கொலிசியத்தில் பிட்சருக்குச் சாதகமாக இருந்த எல்லாம் இங்கே தலைகீழ். முதல் உள்ளூர் ஆட்டமே கப்ஸிடம் 18-3. 3 வருடம் 6.7 கோடி டாலருக்கு எடுத்த லூயிஸ் செவரினோவின் ஈஆர்ஏ வெளியூரில் 3.02, உள்ளூரில் 6.01. ஒரே ஆள், ஒரே வருடம்.

மே நடுவில் 22-20 என்று இருந்த அணி அடுத்த 21-ல் 20 தோற்றது. பிறகு எழுந்து 76-86-ல் முடித்தது. நிக் கர்ட்ஸ் ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் ஆறு அட்-பேட்டில் ஆறு ஹிட், அதில் நான்கு ஹோம் ரன். புதுமுக ஆட்டக்காரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தது அதுவே முதல் தடவை. ஜேக்கப் வில்சன் சராசரி .311. ரூக்கருக்கும் பட்லருக்கும் நீண்ட ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள், இது பழைய வழக்கம் இல்லை. ஆனால் ஜூலை கடைசியில் மேசன் மில்லரை சான் டியேகோவுக்கு அனுப்பியது பழைய வழக்கம்தான். பதிலுக்கு வந்த லியோ டி விரீஸுக்கு அப்போது 18 வயது. கர்ட்ஸ் சிறந்த புதுமுக விருது வாங்கியதால், ஏப்ரல் கடைசியில் வந்தும் முழு வருட சர்வீஸ் கிடைத்தது. ஆகவே இப்போதைய விதிப்படி 2030 சீசனோடு அவர் ஆறு வருடம் முடிகிறது. வேகஸ் 2028-ல் திறந்தால் அங்கே அவருக்கு மூன்று சீசன். அவரைக் கட்டிப்போடுகிறார்களா என்பதில்தான் இந்த உரிமையாளர் திருந்தினாரா என்று தெரியும்.

ஜெர்ஸி வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. 2025 சட்டையில் ஊர்ப் பெயரே இல்லை; ஒரு கையில் சேக்ரமென்டோ ஒட்டு, மறு கையில் லாஸ் வேகஸ் ஒட்டு. இப்போது ஆடுபவர் பெயரைப் போட்டு வாங்கினால் சட்டை கிழிவதற்கு முன் ஆள் போய்விடலாம். இனி யாருக்கும் தராமல் அணி ஓய்வு கொடுத்த எண்களுக்கு அந்தப் பயம் இல்லை: ரெஜி ஜாக்சன் 9, கேட்ஃபிஷ் ஹன்டர் 27, எக்கர்ஸ்லி 43, 34 மட்டும் ஃபிங்கர்ஸ், டேவ் ஸ்டூவர்ட் இருவருக்கும். ஒன்றே ஒன்று என்றால் 24, ரிக்கி ஹென்டர்சன். 1982-ல் 130 பேஸ் திருடியவர் (அடி விழாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு), ஓக்லண்டில் வளர்ந்தவர். 1984 கடைசியில் யாங்கீஸுக்கு டிரேட், 1989-ல் திரும்பினார். 1993-ல் டொரொன்டோவுக்கு டிரேட், மறுவருடம் திரும்பினார். பிறகும் போய் 1998-ல் மறுபடி வந்தார். கொலிசியத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து முதல் பந்தை எறிந்ததும் அவர்தான். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 20 அன்று இறந்துபோனார்.