ஆபரேஷனுக்கு மூன்றரை, பிசியோவுக்கு நாலரை

பெயர்களைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், வம்பு எதற்கு? ஒன்று நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை, இன்னொன்று பெரம்பூரில் ஃபேன்சி ஸ்டோருக்கு மேலே இருக்கும் சின்ன பிசியோதெரபி கிளினிக். என் வலது முழங்கால் இரண்டு பேர் கையிலும் இருந்தது. தலைப்பில் இருப்பது ஐந்து நட்சத்திரத்துக்கு நான் கொடுப்பது.

எனக்கு 34 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து வாலிபால். 2024 பொங்கல் லீவில் ஒரு மேட்ச். ஸ்மாஷ் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினேன். யாரும் இடிக்கவில்லை, கால் வழுக்கவும் இல்லை. முழங்கால் உள்பக்கமாக மடங்கி 'டப்'பென்று ஒரு சத்தம். நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கும் கேட்டதாம்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. "சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். அம்மாவுக்குத் திருப்தியில்லை, புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று வாரம், மூன்று கட்டு. வீக்கம் வடிந்தது உண்மைதான், சும்மா விட்டிருந்தாலும் வடிந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. எனக்கு அறுந்தது ஏ.சி.எல்., தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார். அது மூட்டுக்குள்ளே, மூட்டு நீரில் கிடக்கிறது. முழுதாக அறுந்துவிட்டால் வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பெரும்பாலும் தானாக ஒட்டாது.

மார்ச்சில் ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன் படியில் இறங்கும்போது முழங்கால் கழன்றதுபோல் நழுவியது. பின்னால் வந்த அம்மா தோளைப் பிடித்திருக்காவிட்டால் உருண்டிருப்பேன். அதற்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ. நார் முழுதாக அறுந்திருந்தது, கூடவே உள்பக்க மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்குமே, அது. "அன்னைக்கே கிழிஞ்சதா, இந்த ரெண்டு மாசமா கால் நழுவி நழுவிக் கிழிஞ்சதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

டாக்டரைப் பற்றிக் குறையே கிடையாது. அவர் கேட்ட முதல் கேள்வி, "திரும்ப விளையாடணுமா, நடந்தாப் போதுமா?" நடந்தால் போதும் என்பவர்களில் சிலர் உடற்பயிற்சியை வைத்தே சமாளித்துவிடுவார்களாம். விளையாடணும் என்றேன். கால் முழுசாக நீட்ட வரட்டும் என்று இரண்டு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் தேதி கொடுத்தார். ஏப்ரலில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, நுண்துளை வழியாக. என் தொடைப் பின்பக்கத்திலிருந்தே நாரை எடுத்து, மடித்து முறுக்கி, 8 மில்லிமீட்டர் தடிமனில் புது ஏ.சி.எல். செய்து, எலும்பில் துளை போட்டு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு ஸ்க்ரூ. மெனிஸ்கஸை வெட்டாமல் தைத்தார். அரை மயக்கத்தில், ஆபரேஷனைக் காட்டும் டிவியில் கொஞ்சம் பார்த்தேன். பொரித்த கணவாய் அப்புறம் ஆறு மாசம் சாப்பிடவில்லை.

மூன்றரைக்குக் காரணம் மற்றதெல்லாம். பேக்கேஜ் 1,85,000 என்றார்கள், பில் 2,41,300. தைக்கும் கருவிகள் பேக்கேஜில் இல்லையாம். உள்ளே பார்த்தால்தான் தைக்க முடியுமா என்று தெரியும், சரி. 'தைத்தால் இவ்வளவு கூடும்' என்று முன்னாடியே ஒரு வரி எழுதித்தர என்ன கஷ்டம்? அடுத்தது அறை வாடகை. என் பாலிசியில் ஒரு நாளைக்கு 5,000 வரைதான். அந்த அறை காலியில்லை என்று 7,500 ரூபாய் அறையில் போட்டார்கள். இரண்டு ராத்திரிக்கு 5,000 கையை விட்டுப் போகும், போகட்டும் என்று நினைத்தேன். அறை வாடகை வரம்பைத் தாண்டிய அதே விகிதத்தில், இன்ஷூரன்ஸ்காரர்கள் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற நானே இதில் விழுந்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது மூட்டு மாற்று ஆபரேஷன் செய்த பெரியவர்களுக்கானது! படத்தில் ஒரு தாத்தா. அன்று வெள்ளிக்கிழமை, திங்கள் வரை போன் எடுக்க ஆளில்லை. தழும்புக்குப் பக்கத்தில் வெற்றிலை அளவுக்குத் தோல் மரத்துப்போயிருந்ததைப் பார்த்து வேறு பயந்து கிடந்தேன். நார் எடுக்கும்போது சின்ன நரம்பு ஒன்று பாதிக்கப்படுவது சகஜம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது பிசியோ பெண்தான்.

இருபத்தாறு வயதுதான் இருக்கும், என்னை அக்கா என்பாள். ஒரு தடவைக்கு 350 ரூபாய். முதல் நாள் தொடையை இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. என் தொடை மாதிரியே இல்லை. "மூளைக்கும் தொடைக்கும் லைன் கட் ஆயிருக்குக்கா" என்று இரண்டு பேட் ஒட்டி கரண்ட் வைத்தாள். நான் பயந்ததெல்லாம் கால் மடக்க வருமா என்றுதான். அவள் கவலை வேறு. "மடக்குறது பின்னாடி வந்துரும். நீட்டுறதை இப்ப விட்டா வராது." குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, முழங்காலை அதன் போக்கில் தொங்கவிடணும், பத்து நிமிஷம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

மெனிஸ்கஸ் தைத்ததால் ஆறு வாரம் முழு எடை போடக் கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, நாலு மாசம் குத்துக்கால் கூடாது. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். அதற்கு மேலே போடுகிற கமோடு நாற்காலி வாங்கணும் என்று அவள்தான் யோசித்தாள்.

மூன்றாவது மாசம் வலி சுத்தமாகப் போய்விட்டது. பஸ்ஸுக்கு ஓடலாம் போலிருந்தது. அப்போதுதான் அவள் கண்டிப்பானாள். எடுத்து வைத்த நாருக்குப் புதிதாக ரத்த ஓட்டம் வந்துகொண்டிருக்கும் அந்தச் சமயத்தில்தான் அது ரொம்ப பலவீனமாக இருக்குமாம். "ரிஷப் பந்த் வரலையா?" என்று தம்பி கேட்டான். அந்த கிரிக்கெட் வீரரின் முழங்கால் போன கார் விபத்து 2022 டிசம்பரில், மைதானத்துக்கு வந்தது 2024 மார்ச்சில். விளையாட்டே தொழிலானவருக்குப் பதினைந்து மாசம்.

அக்டோபரில், ஆறு மாச ரிவ்யூ. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போல் தண்ணீர், சுற்றிக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். டாக்டர் காலை இழுத்துப் பார்த்து, "டைட்டா இருக்கு, மெதுவா விளையாட ஆரம்பிக்கலாம்" என்றார். மூன்று நிமிஷம். சாயங்காலம் கிளினிக்கில் அவள் தரையில் டேப் ஒட்டி ஒற்றைக் காலில் தாவச் சொன்னாள். இடது கால் 112 சென்டிமீட்டர், வலது 84. நான் கணக்குப் போடுவதற்குள் "75 சதவீதம்" என்றாள். 90 வரணும், ஒன்பது மாசமும் ஆகணும், அதுவரை நெட் பக்கமே போகக் கூடாது. கோபமாக வந்தது. 2025 மார்ச்சில் இடது 115, வலது 106, அதாவது 92 சதவீதம். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்மாஷ் அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டராக மட்டும் இறங்கினேன்.

நாலரையில் குறைந்த அரை நட்சத்திரம், அந்த கிளினிக் மாடியில் இருப்பதற்கு. லிஃப்ட் கிடையாது, பத்தொன்பது படி. முழங்கால்காரர்களுக்கு மாடியில் கிளினிக் வைத்தவர் யாரோ! முதல் வாரம் ஊன்றுகட்டையோடு நான் ஏற, அம்மா பின்னாலேயே வந்து, பிசியோ சொல்லிக்கொடுத்ததை உரக்கச் சொல்வார்: "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல." இப்போதும் எந்தப் படியைப் பார்த்தாலும் சொல்கிறார்.